மிருதங்கத்தின் நிறமாலை: ஓர் ஒலிப்பதிவும் பகுப்பாய்வும்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மிருதங்க ஆசிரியர் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இங்குள்ள எல்லோரையும் போல நானும் அவரை மாஸ்டர் என்றே அழைக்கிறேன். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணியுறை போட்ட மிருதங்கத்தைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இதின்ர சோறு விண்டு போச்சு. ஊருக்குப் போகேக்கை சென்னையிலை குடுத்து மாத்தப்போறன். மாத்த முதல் இதின்ர சத்தத்தைப் பிடிச்சு வைக்கேலுமோ?"

சோறு என்றால் வலந்தலையின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டம். வேகவைத்த அரிசியும் கிட்டான் கல்லின் பொடியும் சேர்த்துப் பிசைந்து, துளித்துளியாகத் தேய்த்துத் தேய்த்துப் பல அடுக்காக ஏற்றுவது. இங்கே குளிர்காலத்தில் நாளெல்லாம் அறையைச் சூடேற்றி வைக்கிறோம். அந்த உலர்ந்த காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும், சோற்றில் வெடிப்பு விழும். புதுச்சோறு போட ஹோர்சன்ஸில் ஆள் கிடையாது. பழைய சோற்றைச் சுரண்டி எடுத்துவிட்டால் இருபது வருடமாக அவர் காதில் இருந்த நாதம் அப்படியே திரும்பி வரும் என்று யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அதுதான் அவர் கவலை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒலி வடிவமைப்பு என் பொழுதுபோக்கு. "பிடித்து வைக்கலாம் மாஸ்டர்" என்று உடனே சொல்லிவிட்டேன். எவ்வளவு அவசரப்பட்டுச் சொன்னேன் என்பது அடுத்த இரண்டு மாதத்தில் தெரிந்தது. பதிவு செய்து, பகுத்துப் பார்த்து, மறுபடி உண்டாக்கிப் பார்த்ததில் நான் கற்றுக்கொண்டதையும் இடறி விழுந்த இடங்களையும் இங்கே எழுதுகிறேன். வீட்டில் ஒரு வாத்தியமும் ஒரு கணினியும் வைத்திருக்கும் யாருக்கேனும் பயன்படலாம்.

முதலில், இந்தக் கருப்பு வட்டம் என்னதான் செய்கிறது?

வட்டமான, எங்கும் ஒரே கனமுள்ள ஒரு தோலை இழுத்துக்கட்டித் தட்டினால் அது பல அதிர்வெண்களில் ஒரே சமயத்தில் அதிரும். அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று வைத்துக்கொண்டால் மற்றவை 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று போகும். எதுவும் முழு எண் மடங்கு இல்லை. அதனால்தான் சாதாரணப் பறையிலோ டிரம்மிலோ அடி கேட்கிறதே தவிர, இன்ன சுருதி என்று பாடிக்காட்ட முடிவதில்லை. தந்தியில் அப்படி இல்லை. 1, 2, 3, 4 என்று ஒழுங்காக அடுக்கி வரும். காது அந்த அடுக்கைத்தான் சுரம் என்று அடையாளம் காண்கிறது.

மிருதங்கம் தோற்கருவி. ஆனால் தந்தியைப் போல நடந்துகொள்கிறது. இதை அறிவியல் உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் சர் சி.வி. ராமன். 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். பிறகு 1934-ல் இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் இந்தியத் தாள வாத்தியங்களைப் பற்றி விரிவாகவே எழுதினார். அவர் கையில் கணினி இல்லை. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவினார். அதிரும் இடத்திலிருந்து மணல் ஓடி, அதிராத இடத்தில் கோடாகச் சேரும். அந்தக் கோடுகளைப் படம் பிடித்தார். விரலால் இன்ன இடத்தில் தொட்டு, இன்ன இடத்தில் தட்டி ஒவ்வோர் அதிர்வு முறையையும் தனியே பிரித்தெடுத்தார்.

அவர் கண்டது இது. சோற்றின் பாரத்தால் ஒன்பது அதிர்வு முறைகள் இடம் பெயர்ந்து ஐந்தே அதிர்வெண்களில் கூடுகின்றன. முதலாவதும் இரண்டாவதும் தனித்தனி. மூன்றாவதில் இரண்டு முறைகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் மூன்று. அந்த ஐந்தும் ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் நிற்கின்றன.

சோறு எவ்வளவு கனம், எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்பதில்தான் இந்த விகிதம் முழுக்கத் தங்கியிருக்கிறது. தஞ்சாவூரிலும் சென்னையிலும் மிருதங்கம் செய்யும் குடும்பங்கள் எந்தச் சூத்திரமும் இல்லாமல் காதை வைத்தே இதைச் சாதித்து வந்திருக்கிறார்கள். பாலக்காடு மணி ஐயருக்கு வாத்தியம் செய்து தந்த பர்லாந்து போன்றவர்களின் பெயர்கள் வெகுகாலம் கச்சேரி மேடைக்கு வெளியேதான் இருந்தன. டி.எம். கிருஷ்ணா 2020-ல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' அவர்களைப் பற்றியது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தண்ணுமை வாசிப்பவனின் இலக்கணத்தைச் சொல்கிறது. அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை நீளமாகப் பட்டியல் இடுகிறார். தோலைப் பதம் செய்தவனைப் பற்றி இவ்வளவு விரிவாக யாராவது எழுதியிருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இருக்கட்டும்.

பதிவுக்கு வருவோம்.

மாஸ்டரின் மகன் தன் கைப்பேசியில் ஏற்கெனவே நிறையப் பதிவு செய்து வைத்திருந்தான். ஒன்றுகூட உதவவில்லை. கைப்பேசி நம் குரலுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் கூடினால் தானே குறைக்கும், குறைந்தால் தானே கூட்டும். மிருதங்க அடி விழுந்த கணத்தில் அமுக்கிவிட்டு, நாதம் தேயத் தேய மேலே இழுத்துவிடுகிறது. ஒரு நாதம் எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அதைத்தான் அது அழிக்கிறது. எம்.பி.3 கோப்பிலும் இதே போலத் தொல்லை உண்டு. கூர்மையான அடிக்குச் சற்று முன்னாலேயே ஒரு மங்கலான இரைச்சல் படிந்துவிடும். ஆகவே சுருக்கப்படாத வேவ் கோப்பு, 24 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள், தானியங்கிச் சரிக்கட்டல் எதுவும் இல்லாமல்.

ஒரு மைக்கை வலந்தலைக்கு நேராக அரை மீட்டர் தள்ளி வைத்தேன். ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்கை இன்னும் நெருக்கி வைத்தால் கீழ்ச்சுரங்கள் செயற்கையாகப் பருத்துக் காட்டும். இன்னொன்று தொப்பிப் பக்கம். சுவர் எதிரொலிக்காமல் இருக்க வீட்டிலிருந்த இறகுப் போர்வைகளையெல்லாம் நாற்காலிகளில் தொங்கவிட்டோம். (இந்த ஊரில் பஞ்சமில்லாத ஒரே ஒலித்தடுப்புச் சாதனம் இதுதான்.) பதிவின் உச்சம் மேல்விளிம்புக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி வைத்தேன். மாஸ்டர் ஓங்கி ஒரு சாப்புக் கொடுத்தபோதுதான் அந்த 12 டெசிபல் எதற்கு என்று புரிந்தது.

நம், தீம், சாப்பு, தா, தொம் என்று ஒவ்வொரு சொல்லையும் இருபது முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே நாதம் முழுக்க அடங்கும்வரை பொறுத்து வாசிக்கச் சொன்னேன். கலைஞனுக்கு இதைவிடச் சலிப்பான வேலை இருக்க முடியாது. மாஸ்டர் பொறுமையாக வாசித்தார். பாதிக்குமேல் அவரும் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். "இந்த நம் கொஞ்சம் ஊமையாக் கிடக்கு, இன்னொருக்கா எடுப்பம்" என்று அவரே திருத்தினார்.

(ஒரு சிறு குறுக்கீடு. காந்தத்தில் ஒலியைப் பதிய முடியும் என்று 1898-ல் செய்து காட்டியவர் வால்டெமார் பௌல்சன் என்ற டேனிஷ்காரர். எஃகுக் கம்பியில் பதியும் அவருடைய டெலிகிராஃபோன் 1900-ல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனது. அங்கே பதிவான ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃபின் குரல்தான் இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய காந்த ஒலிப்பதிவு. இந்த நாட்டில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்யும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது.)

கோப்புகளை முதலில் ஆடாசிட்டியில் திறந்தேன். 1999-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, பகுப்பாய்வுப் பட்டியலில் நிறமாலை வரையச் சொன்னால் வரைந்து தரும். முப்பட்டகம் வெள்ளை ஒளியை நிறங்களாகப் பிரிப்பதுபோல ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு இது. பெயர் ஃபூரியே உருமாற்றம். இதைக் கணினியில் வேகமாகச் செய்யும் வழியை கூலி, டூக்கி இருவரும் 1965-ல் வெளியிட்டார்கள். அந்த எஃப்.எஃப்.டி. இல்லாத ஒலி மென்பொருளே இன்று இல்லை.

இதில் புதிதாக நுழைபவர் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது ஜன்னல் அளவு என்ற ஒரே ஒரு எண். கணினி ஒலியை முழுதாகப் பார்ப்பதில்லை, துண்டு துண்டாகத்தான் பார்க்கிறது. அந்தத் துண்டின் நீளமே ஜன்னல். 512 மாதிரிகள் என்றால் 12 மில்லி நொடிக்கும் குறைவு. அடி எந்தக் கணத்தில் விழுந்தது என்று துல்லியமாகத் தெரியும், ஆனால் அதிர்வெண்ணை 86 ஹெர்ட்ஸுக்கு ஒரு கோடு என்று மொத்தமாகவே காட்டும். 16,384 மாதிரிகள் என்றால் 2.7 ஹெர்ட்ஸுக்கு ஒரு கோடு, நுட்பமான பார்வை. ஆனால் ஜன்னலின் நீளம் 370 மில்லி நொடிக்கும் மேல். அதற்குள் மாஸ்டர் நாலு சொல் வாசித்துவிடுவார். எப்போது, எந்தச் சுருதி என்ற இரண்டையும் ஒரே சமயத்தில் துல்லியமாகப் பார்க்க முடியாது. இது மென்பொருளின் குறை இல்லை, கணிதத்தின் சுபாவம். டென்னிஸ் கேபர் 1946-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்.

பிராட் என்ற மென்பொருளை மொழியியல் நண்பர்கள் அறிந்திருப்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் பவுல் போர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கியது. டச்சு மொழியில் 'பேச்சு' என்று பொருள். அதில் மிருதங்கத்தைத் திறந்தால் முதலில் செங்குத்தான பட்டைகள் மட்டுமே தெரியும். ஐந்து கோடுகளைக் காணோம்! காரணம், பேச்சுக்கு ஏற்றபடி அதில் ஜன்னல் 5 மில்லி நொடியாக வைக்கப்பட்டிருக்கிறது. 30 மில்லி நொடியாக மாற்றுங்கள். மூடுபனி விலகுவதுபோலக் கோடுகள் படுத்த நிலையில் வெளிவரும்.

மாஸ்டரின் வாத்தியம் ஒரு கட்டைச் சுருதி. ஆதார சட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். ராமன் சொன்னபடி என்றால் கோடுகள் 262, 392, 523, 654 ஆகிய இடங்களில் வர வேண்டும். 'நம்' ஒலியில் அவை நான்கும் சில ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் அந்தந்த இடத்தில் இருந்தன. வெடித்த சோற்றிலுமா! முதல் கோடு மட்டும் இல்லவே இல்லை. மோதிர விரல்தான் காரணம். நம் வாசிக்கும்போது ஆள்காட்டி விரல் விளிம்பில் அடிக்க, மோதிர விரல் சோற்றின் ஓரத்தில் பட்டும் படாமலும் நிற்கிறது. அந்த இடம் அசைந்தால்தான் உயிர்வாழும் அதிர்வுகள் அங்கேயே சாகின்றன. முதலாவது அதில் ஒன்று. ராமன் ஆய்வகத்தில் விரலால் தொட்டுப் பிரித்ததை நம் வித்வான்கள் ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதல் கோடு 'தீம்' ஒலியில்தான் முழுதாகக் கேட்கும். அங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அடியின் இரைச்சல் கணக்கைக் கெடுக்கும் என்று எண்ணி, அடி விழுந்து அரை நொடி கழித்து வரும் வால்பகுதியை மட்டும் எடுத்து, 4,096 ஜன்னலில் பார்த்தேன். உச்சம் 150 ஹெர்ட்ஸுக்கு அருகில் நின்றது. 131 இருக்க வேண்டிய இடத்தில் 150! ஒரு முழுச் சுரத்துக்கும் அதிகமான விலகல். சோறு கெட்டதால் முதல் கோடு ஓடிவிட்டது என்று முடிவுகட்டி, வரைபடத்தை அச்சிட்டு மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மிருதங்கத்தை எடுத்துத் தீம், நம், தீம், நம் என்று மாறி மாறி வாசித்தார்.

"வித்தியாசம் இருக்குத்தான். ஆனா இவ்வளவு இல்லைத் தம்பி. வேற ஏதோ சேருது."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. எண் சொல்வதைக் காது மறுக்கலாமா? வீட்டுக்கு வந்து, யாரும் வாசிக்காத வெற்று இடைவெளியைத் தேர்ந்தெடுத்து நிறமாலை போட்டேன். 50, 100, 150 ஹெர்ட்ஸில் மூன்று முளைகள். இங்கே மின்சாரம், நம் ஊரில் போலவே, 50 சுழற்சி. லாப்டாப்பின் மின்னேற்றி வழியாக அதன் முனகல் பதிவுக்குள் நுழைந்திருக்கிறது. அடி விழுந்த கணத்தில் தோலின் நாதம் அதை மூடிவிடும். அரை நொடியில் தோல் தேய்ந்துவிட, தேயாத முனகல் மேலே வந்துவிடும். நான் பொறுக்கி எடுத்ததோ சரியாக அந்த வால்பகுதியை!

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் ஓட்டி மறுபடி பதிவு செய்தோம். பழைய பதிவையும் 16,384 ஜன்னலில் போட்டுப் பார்த்தேன். ஒரே மலையாகத் தெரிந்தது இரண்டாகப் பிளந்தது. 150-ல் இருந்தது மின்சாரம், அசையாமல் நின்றது. 141-க்கு அருகில் இருந்தது மிருதங்கம், நொடிக்கு நொடி தேய்ந்தது. ஆக, முதல் கோடு உண்மையிலேயே சற்று மேலேதான் இருக்கிறது, அரைச்சுரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. தபேலாவிலும் முதல் அதிர்வு இப்படி மேலே நிற்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மாஸ்டர் சொன்ன "இருக்குத்தான், இவ்வளவு இல்லை" என்பதற்கு எண் கிடைத்துவிட்டது.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம்: எந்தப் பதிவிலும் முதலில் பத்து நொடி சும்மா இருப்பதைப் பதிவு செய்து, அதன் நிறமாலையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

அடுத்தது மறு ஆக்கம். சூப்பர்கொலைடர் என்று ஒரு மென்பொருள். ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996-ல் வெளியிட்டது. அதில் கிளாங்க் என்ற கருவிக்கு அதிர்வெண், வலிமை, தேயும் நேரம் என்று மூன்று பட்டியல்களைக் கொடுத்தால், அத்தனை மணிகளை ஒரே சமயத்தில் அடித்தாற்போல ஒலிக்கும். தேயும் நேரம் என்பது 60 டெசிபல் குறைய ஆகும் காலம். வீட்டுப் பதிவில் 60 டெசிபல் வரை தொடர முடியாது, அதற்கு முன்பே அறையின் இரைச்சல் வந்துவிடும். ஆகவே 20 டெசிபல் இறங்க ஆகும் நேரத்தை அளந்து மூன்றால் பெருக்கிக்கொண்டேன்.

ஐந்து கோடுகளையும் கொடுத்து ஒலிக்கவிட்டு மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் முகம் மாறவே இல்லை.

"சுருதி சரி. ஆனா தகரத்திலை தட்டின மாதிரிக் கிடக்கு."

அவர் சொன்னது சரிதான். மறுபடி ஸ்பெக்ட்ரோகிராமுக்குப் போனேன். சின்ன ஜன்னலில் பார்த்தால், அடியின் முதல் இருபது, முப்பது மில்லி நொடிகளில் கோடு எதுவும் இல்லை. ஒரே இரைச்சல் தூண். விரல்நுனியின் சதை தோலில் படும் சத்தம். நான் கணக்கைக் கெடுக்கிறது என்று ஒதுக்கினேனே, அதேதான். பெரிய ஜன்னலில் இன்னொன்று தெரிந்தது. மூன்றாம், நான்காம் கோடுகள் சீராகத் தேயவில்லை. மெல்ல அலையலையாகக் கூடிக் குறைந்து தேய்கின்றன. ராமன் சொன்னபடி அவற்றில் இரண்டிரண்டு அதிர்வுகள் சேர்ந்திருக்கின்றன. கையால் தேய்த்த சோற்றில் அவை மயிரிழை அளவாவது விலகாமல் இருக்காது. அந்த விலகல்தான் அலைகிறது. என் ஐந்து கோடுகளில் அது இல்லை.

ஐந்தை ஒன்பதாக்கினேன். இணைகளுக்கு நடுவே ஒன்று, ஒன்றரை ஹெர்ட்ஸ் இடைவெளி விட்டேன். அடியின் முதல் 30 மில்லி நொடியை அசல் பதிவிலிருந்தே வெட்டி முன்னால் ஒட்டினேன். இம்முறை மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நம்" ஒலியை ஏற்றுக்கொண்டார். "தீம்" பரவாயில்லை. சாப்புவைக் கேட்டுச் சிரித்துவிட்டார். தொப்பியில் கை அழுந்தச் சுருதி ஏறும் கும்கியை நான் முயலவே இல்லை. அது திரையில் நேர்கோடாக இல்லாமல் வில்லாக வளைகிறது, நிலையான எண்களுக்குள் அடங்குவதாகவும் இல்லை.

சென்னையிலிருந்து வாத்தியம் புதுச்சோற்றோடு வந்துவிட்டது. வந்த வாரமே பதிவு செய்தோம். இரண்டாம், மூன்றாம் கோடுகள் இடத்தில் நிற்கின்றன. நான்காவது பத்து ஹெர்ட்ஸ் போலக் கீழே இருக்கிறது. ஐந்தாவது இரண்டாகப் பிரிந்து தெரிகிறது. படத்தைக் காட்டியபோது மாஸ்டர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. புதுச்சோறு கைப்பட்டுப் பதமாக ஆறு மாதமாவது வேண்டும் என்றார். பிறகு பழைய 'நம்' ஒன்றைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, கல்லையும் மரக்கட்டையையும் எடுத்து விளிம்புப் பின்னலில் நாலு தட்டுத் தட்டி, "இன்னொருக்கா போடும்" என்றார்.

இப்போது மாதம் ஒருமுறை, அதே அறையில், அதே தூரத்தில் மைக் வைத்து, பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்கிறோம். இதுவரை மூன்று பதிவுகள் ஆகியிருக்கின்றன. நான்காவது கோடு நாலு ஹெர்ட்ஸ் ஏறியிருக்கிறது.